நாற்பது பலூன்

பேஸ் கிடார் வாசிப்பவன் பூமியின் முதுகெலும்பு. அவன் ஒரு விரலை அசைத்தால் மலைகள் மண்டியிடும். அசைக்காமல் நின்றால் காலமே நின்று அவன் முகத்தைப் பார்க்கும். மெட்டல் இசை என்னும் இரும்புக் கோட்டைக்கு அவனே அடிக்கல். அந்த அடிக்கல்லுக்கு ஒன்பது லட்சணங்கள் உண்டு.

இவ்வாறு திருவாய் மலர்ந்தவர் பேராயர் மோர்காத். இன்டர்நெட்டில் வாராவாரம் அவர் ஆற்றும் சொற்பொழிவுக்கு முப்பத்து நான்கு பேர் நேயர்கள். அன்று அவர் ஐந்தாவது லட்சணத்துக்கு வந்தபோது, பின்னால் கறுப்புத் திரைக்கு அப்பால் அவருடைய அம்மாவின் வாஷிங் மெஷின் துணி பிழியத் தொடங்கிவிட்டது. அந்தத் தடதடப்பில் ஐந்தும் ஆறும் யார் காதிலும் விழவில்லை. சொற்பொழிவு முழுவதிலும் தாளம் தப்பாமல் வந்த பகுதி அதுதான் என்று லோரெட்டா நினைத்தாள்.

பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, மணி அடிக்கும்வரை ஸ்டியரிங்மேல் போனைச் சாய்த்து வைத்து அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க வேண்டிய கட்டாயம் இருந்தது. லோரெட்டா புருசின்ஸ்கிதான் பேராயருடைய 'கல்லறைச் செனட்' குழுவில் பதினோரு வருஷமாக, பாட்டுக்கு அடியில் கனத்த சுரம் போடும் பேஸ் கிடார் வாசிப்பவள்.

பேராயரின் இயற்பெயர் வெண்டல் க்ரோத். விஸ்கான்சினில் அந்த வட்டாரம் முழுவதும் கிணற்றுத் தண்ணீரில் உப்பை எடுக்கிற இயந்திரத்தை வீடு வீடாக விற்பது அவர் தொழில். வார நாட்களில் நீல நிற டை. சனிக்கிழமைகளில் தரையைக் கூட்டும் கறுப்பு அங்கி. குழுவின் பாடகர், கிடார் வித்வான், கொள்கை பரப்புச் செயலாளர் எல்லாம் அவரே.

ஒன்பது லட்சணங்களில் லோரெட்டாவுக்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆறடி உயரம் வேண்டும். அவள் ஐந்தடி ஓரங்குலம். தாடி மார்பைத் தொட வேண்டும். அதற்கு ஐம்பத்தொரு வயதிலும் அவள் முகத்தில் அறிகுறி இல்லை. குறைந்தது ஐந்து தந்தி. அவள் கிடாரில் நாலு. விரல்கள் மின்னலாகப் பறக்க வேண்டும். அவள் இரண்டே விரல்களை, ஏதோ மேசையில் சிந்திய உப்பைத் தட்டிவிடுவதுபோல் அசைப்பாள். போர்க்களத்தில் நிற்பவனைப்போல் காலை அகட்டி நிற்க வேண்டும். அவள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப்போல் நிற்பாள். சிரிக்கவே கூடாது, அவள் சிரித்துத் தொலைப்பாள்.

இது போதாதென்று அவளிடம் ஒரு ரகசியமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தன் மாமா ஸ்டானின் போல்கா குழுவில் வாசித்தாள்; ஜோடியாகச் சுழன்று ஆடுவதற்கென்றே உள்ள துள்ளல் நாட்டுப்புற இசை அது. மாதா கோயில் கூடங்கள், கல்யாண வீடுகள், மீன் வறுவல் விருந்துகள். பதினாலு வயதில், குழுவில் அடிச்சுரத்துக்காகத் தூபா என்னும் பெரிய பித்தளைக் குழலை ஊதுகிறவருக்கு முன்பல் இரண்டு விழுந்ததும் அவர் இடத்தில் பேஸ் கிடாரோடு நின்றவள், இன்னும் இறங்கவில்லை. பேராயரோ தம் மூன்றாம் சொற்பொழிவில் போல்காவை "சங்கீதத்துக்கு வந்த பல் சொத்தை" என்று தீர்ப்பு எழுதியிருந்தார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் தான் எங்கே போகிறாள் என்று லோரெட்டா யாரிடமும் சொல்வதில்லை.

ஒத்திகை நடப்பது டிரம்ஸ் வாசிக்கும் டுவேனின் கொட்டகையில், இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே. டுவேன் சீஸ் தொழிற்சாலைக்காரன். தங்கமான மனசு, ஆனால் பிரேக் இல்லாத பால் லாரி. எந்தப் பாட்டையும் ஆரம்பித்த வேகத்தில் முடித்ததாக வரலாறு கிடையாது.

அந்த வியாழக்கிழமை வெண்டல் கையை உயர்த்தினார்.

"செனட் கூடியிருக்கு. முக்கியமான தீர்மானம்."

"மூணு பேருதான் இருக்கோம் வெண்டல்," என்றாள் லோரெட்டா. "அதுல ஒருத்தன் சாஸேஜ் தின்னுட்டிருக்கான்."

"நீ தொடங்குப்பா," என்றான் டுவேன் வாய் நிறைய. "காதுதான கேக்கணும், வாய் எதுக்கு?"

"அக்டோபர்ல மில்வாக்கி பெரிய மண்டபத்துல மெட்டல் விழா. அதுக்கு ஆள் எடுக்கிற அம்மா சனிக்கிழமை நம்ம மாவட்டத் திருவிழாவுக்கு வராங்க. நம்மளப் பாக்க." வெண்டல் நிறுத்தினார், யாரும் கைதட்டாததால் தொடர்ந்தார். "அதனால குழுவை நவீனப்படுத்தறோம். இனிமே பேஸ் கம்ப்யூட்டர்ல இருந்து வரும். நானே வாசிச்சுப் பதிவு பண்ணிட்டேன். அஞ்சு தந்தில."

"அப்ப நான்?"

"நீ கௌரவ செனட்டர். சட்டை விக்கிற மேசைய நீ பாத்துக்கலாம்."

மில்வாக்கி மண்டபத்தை லோரெட்டாவுக்குத் தெரியும். அதாவது, அதன் பின்பக்கக் கார் நிறுத்துமிடத்தைத் தெரியும். வாடகைக்கு எடுத்த பஸ்ஸில் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு நாலு தடவை அங்கே போயிருக்கிறாள். அவர்கள் உள்ளே போவார்கள்; இவள் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள். பாட்டு கேட்காது. ஆனால் சுவரையும் தாரையும் டயரையும் தாண்டி அடித்தாளம் மட்டும் ஸ்டியரிங்குக்கு வந்து சேரும். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாள் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று நாலு தடவையும் நினைத்திருக்கிறாள். வேறு பெரிய ஆசை எதுவும் அவளுக்கு இல்லை.

"நான் வாசிக்கிறதுல என்ன குறை?"

"குறையே இல்ல. கேட்டாத்தான குறை தெரியும்? பேஸ் யாருக்குமே கேக்காது லோரெட்டா. உண்மைய சொல்லணும்னா, பதினோரு வருஷமா சவுண்டு ஆள்கிட்ட நான்தான் உன் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிட்டிருக்கேன். ஒரு ஜீவன் வந்து ஏன்னு கேட்டதில்ல."

"நான் கேட்டேனே," என்றான் டுவேன்.

"நீ உள்ளாளு. செல்லாது."

பதினோரு வருஷம்! லோரெட்டாவுக்குக் காது மடல் சுட்டது. எந்தப் பிள்ளை பஸ்ஸுக்குள் முட்டையை எறிந்தாலும் குரலை உயர்த்தாதவள், அன்றும் உயர்த்தவில்லை.

"சரி. சனிக்கிழமை எட்டுப் பாட்டு. முதல் நாலு கம்ப்யூட்டர். நான் வயரைக் கழட்டிட்டு சும்மா விரலை ஆட்டறேன். அடுத்த நாலு நான். ரெண்டுக்கும் ஒரே சத்தம், முழு சத்தம். நாம யாரும் கேக்காமலே, வெளியாள் ஒருத்தர் தானா வந்து வித்தியாசம் தெரியுதுன்னு சொன்னா நான் மில்வாக்கி வரேன். இல்லன்னா சட்டை விக்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன்."

வெண்டல் புன்னகைத்தார். இதைவிடச் சுலபமான பந்தயத்தை அவர் பார்த்ததில்லை. பக்கத்தில் கிடந்த தடித்த கறுப்புப் புத்தகத்தின்மேல் கை வைத்துக் கண்களை மூடிச் சத்தியம் செய்தார். அது டிராக்டர் பழுதுபார்க்கும் கையேடு.

சனிக்கிழமை மூன்று மணி. பன்றிகளுக்குப் பரிசு கொடுத்து முடிந்ததும் மேடை இவர்களுக்கு. எண்ணெயில் பொரியும் சீஸ் வாசனையும் மாட்டுக் கொட்டகை வாசனையும் ஒன்றோடொன்று சண்டை போட, நடுவில் வெயில். பேராயருக்குப் பின்னால் பதினாறு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் கோட்டைச் சுவர்போல் எழுந்து நின்றன. அவற்றில் இரண்டுக்குள்தான் ஸ்பீக்கர் உண்டு. மற்ற பதினாலும் வெறும் பலகை. ஒன்றில் பேராயரின் அம்மா கட்டிக்கொடுத்த உருளைக்கிழங்கு சாலட் இருந்தது. காற்று பலமாக அடித்தபோது கோட்டையின் வடக்கு மூலை இரண்டங்குலம் நகர்ந்தது.

மேடையின் ஓரத்தில் கறுப்புச் சட்டை போட்ட பெண்மணி ஒருத்தி வந்து நின்றாள்.

"நான் மேரிபெத். சைகை மொழில சொல்றதுக்கு வந்திருக்கேன். இன்னிக்கு நம்ம மாவட்டக் காது கேளாதோர் சங்கத்தோட வருஷப் பிக்னிக். முன்வரிசை முழுக்க அவங்கதான். பாட்டோட வரிகள் வேணுமே எனக்கு?"

வெண்டல் திகைத்தார். அவர் பாடும்போது வார்த்தை இருப்பதாக இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மேரிபெத் படித்தாள்.

"'சாம்பல், சாம்பல், யுகங்களின் சாம்பல்'. அடுத்த பாட்டு?"

"அதுவும் அதேதான். கடைசியில மட்டும் ரத்தம்."

முன்வரிசைக்கு நாற்பது பேர் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் பால் பண்ணைக்காரர்கள் கடையில் இலவசமாகக் கொடுத்த மஞ்சள் பலூன். அதில் சிரிக்கும் பசுமாடு.

"பலூனா?" பேராயரின் குரல் உடைந்தது. "கல்லறைச் செனட் கச்சேரிக்குப் பலூனா? யாரு வீட்டுப் பொறந்தநாள் இது?"

"பலூன்ல தாளம் வரும்," என்றாள் மேரிபெத். "ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டா உள்ள அதிர்றது தெரியும். அவங்க அப்படித்தான் கேப்பாங்க."

லோரெட்டா பலூன்களைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். ஸ்டியரிங் ஞாபகம் வந்தது.

முதல் பாட்டு தொடங்கியது. கம்ப்யூட்டரோடு ஒட்டிப் போக டுவேனின் காதில் டிக்டிக் என்று ஒரு கருவி வைத்திருந்தார்கள். "வாரம் பூரா ஃபேக்டரில இதத்தான் கேக்கறேன், லீவு நாள்லயுமா?" என்று பத்தாவது நொடியில் அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். பால் லாரி புறப்பட்டது. டுவேன் ஓடினான், கம்ப்யூட்டர் அரசாங்க அலுவலகம்போல் தன் பாட்டுக்கு நடந்தது. இரண்டாவது பாட்டில் இருவருக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி போகும் இடைவெளி. பேராயரின் ஐந்து தந்தியும் மின்னலாகப் பறந்தன; ஆனால் மின்னல் ஒரு பக்கம், இடி ஒரு பக்கம்.

லோரெட்டா வயரில்லாத கிடாரில் விரலை ஆட்டியபடி முன்வரிசையையே கவனித்தாள். பலூன் பிடித்தவர்களின் புருவங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. ஒருத்தி பலூனைக் குலுக்கிப் பார்த்தாள், பழுதான ரேடியோவைத் தட்டுவதுபோல். மூன்றாம் பாட்டில் பாதிப் பேர் பலூனை அக்குளில் இடுக்கிக்கொண்டு சீஸ் கடைப் பக்கம் நடந்தார்கள். காது கேட்கிற கூட்டமும் கொட்டாவி விட்டது. ஆனால் அவர்களுக்கு ஏனென்று தெரியவில்லை.

நாலாவது பாட்டு முடிந்ததும் சங்கத்தின் தலைவர் ஆர்வில் ஹான்கி மேடை அருகே வந்தார். எழுபது வயது, வயிறுவரை வெள்ளைத் தாடி, அச்சகத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்த கைகள். இரண்டு கையாலும் ஏதோ கேட்டார்.

மேரிபெத் மொழிபெயர்த்தாள்: "ஒரே நேரத்துல ரெண்டு குழு வாசிக்குதான்னு கேக்கறார்."

டுவேன் சிரித்துவிட்டான். லோரெட்டா வெண்டலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது குறை சொல்றது," என்றார் வெண்டல் அவசரமாக. "வித்தியாசம் சொல்றது வேற. இன்னும் நீ வாசிக்கவே இல்லயே? பந்தயம் நிக்குது."

"நிக்கட்டும்," என்றாள் லோரெட்டா. வயரைச் செருகினாள்.

ஐந்தாவது பாட்டு. பேராயர் பதிவில் நிமிஷத்துக்கு முந்நூறு சுரம் போட்டிருந்த இடத்தில் லோரெட்டா முப்பது போட்டாள். மற்ற இடங்களைக் காலியாக விட்டாள். காலியாக விடுவது சோம்பல் என்று ஏழாம் லட்சணம் சொல்கிறது. ஆனால் பனிக்காலத்தில் நாற்பது பிள்ளைகளோடு சரிவில் இறங்குகிறவளுக்குத் தெரியும்: வழுக்குகிற ரோட்டில் பிரேக்கை மிதிக்கக் கூடாது, தொட்டும் தொடாமலும் வைத்திருக்க வேண்டும். டுவேன் ஓடப் பார்த்தான். அவள் சுரத்தை ஒரு இமை நேரம் பிந்தி வைத்தாள். சட்டைக் காலரை யாரோ பிடித்ததுபோல் அவன் திரும்பிப் பார்த்தான். அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். லாரி சாலைக்கு வந்தது.

முன்வரிசையில் கைகளிலும் சீஸ் கடையில் அக்குள்களிலுமாக நாற்பது பலூனும் ஒரே சமயத்தில் துள்ளின.

ஆர்வில் பலூனை மார்போடு அணைத்துக்கொண்டார். தாடிக்கு நடுவே பசுமாடு சிரித்தது. சீஸ் கடைக்குப் போனவர்களுக்கு அவர் தலைக்குமேல் கையை வீசிச் சைகை காட்டினார். அவர்கள் காகிதத் தட்டோடு ஓடி வந்தார்கள். சிலர் பலூனை விட்டுவிட்டு, மேடைக்கு முன்னால் திருவிழாக்காரர்கள் தரையில் கிடத்தியிருந்த பெரிய ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையைப் பதித்துக் கண்களை மூடினார்கள். அவர்கள் குதித்த குதியில் பின்னால் நின்ற, காது கேட்கிற ஜனங்களுக்கும் எங்கே குதிக்க வேண்டும் என்று புரிந்துவிட்டது. ஆறாவது பாட்டில் பன்றிக்கு முதல் பரிசு வாங்கியவர் அதற்குக் கொடுத்த நீலப் பட்டையோடு குதித்தார். ஏழாவதில் மேரிபெத் 'சாம்பல்' என்ற சைகையை இடுப்பிலிருந்து ஆரம்பித்தாள்.

பேராயர் இதையெல்லாம் தம் கிடாரின் மகிமை என்று எடுத்துக்கொண்டு கோட்டைச் சுவர்மேல் சாய்ந்தார். சுவர் பின்வாங்கியது. நிமிர்ந்துகொண்டார்.

கடைசிப் பாட்டில்தான் ஆபத்து வந்தது. பதினோரு வருஷத்தில் இத்தனை கூட்டம் பார்த்திராத டுவேனுக்குத் தலைகால் புரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பறந்தான். ஐந்தாம் பாட்டில் செய்த மாதிரி தொட்டுப் பிடித்தால் அடங்குகிற வேகம் இல்லை அது. முன்வரிசையில் ஒரு பலூன் தயங்கியது. இன்னொன்று. ஆர்வில் நிமிர்ந்து லோரெட்டாவின் கையைப் பார்த்தார். இங்கே விட்டால் சட்டை மேசை.

யோசிக்க நேரமில்லை. அவள் விரல்களே ஒரு முடிவு எடுத்தன. கீழே ஒன்று, மேலே ஒன்று; கீழே ஒன்று, மேலே ஒன்று. கட்டையாக, குட்டையாக, மரத்தில் ஆணி அடிப்பதுபோல். அத்தனை வேகத்துக்கும் அது ஈடு கொடுத்தது. இரண்டு சுற்றில் டுவேன் அந்தத் தாளத்துக்குள் வந்து விழுந்தான். மூன்றாவது சுற்றில் மேடைப் பலகை அதே தாளத்தில் எகிறியது.

கீழே கூட்டம் தானாக வட்டம் கட்டிச் சுற்றத் தொடங்கிற்று. தோலுடையில் ஆணி பதித்த இளைஞர்கள், சங்கத்து ஆட்கள், பால் பண்ணைக்காரர்கள். பீர்க் கூடாரத்திலிருந்து வயதான இரண்டு தம்பதிகள் கைகோத்து வந்து வட்டத்துக்குள் ஜோடியாகச் சுழன்றார்கள். பலூன்கள் தலைகளுக்குமேல் ஏறி இறங்கின. லோரெட்டா மேடையின் விளிம்புக்கே வந்து நின்றாள். பதினோரு வருஷத்தில் அவள் அந்த இடத்தில் நிற்பது முதல் தடவை.

முடிந்ததும் நாற்பது ஜோடிக் கைகள் வானத்தில் உயர்ந்து படபடத்தன. காது கேளாதவர்களின் கைதட்டல் அது. பேராயர் குனிந்து வணங்கினார். கைகள் எல்லாம் அவரைத் தாண்டிச் சாய்ந்திருப்பதை நிமிர்ந்தபோது பார்த்தார். ஆர்வில் நேரே லோரெட்டாவிடம் வந்தார். இரண்டு விரலை நீட்டி, தன் மார்பில் தட்டி, வேகமாகச் சொன்னார்.

"முதல்ல ஒரு மெஷின் வாசிச்சுதாம்," மேரிபெத்துக்கு மூச்சு வாங்கியது. "அப்புறம் ஒரு மனுஷி வாசிச்சாளாம். எழுபது வருஷத்துல இன்னிக்குத்தான் பாட்டு இவ்வளவு தெளிவா இருந்துதுன்னு சொல்றார். ஏன் நாலாம் பாட்டுவரைக்கும் உங்களை ஒளிச்சு வச்சாங்கன்னு கேக்கறார்."

லோரெட்டா வெண்டலைப் பார்த்தாள்.

"தானா வந்து சொன்னாரு," என்றான் டுவேன். "வெளியாளு. டிராக்டர் புஸ்தகத்து மேல சத்தியம்."

அதற்குள், விழாவுக்கு ஆள் எடுக்க மில்வாக்கியிலிருந்து வந்த மரிசோல் வேலஸ்கெஸ் மேடைப் படியேறினாள். தோளில் பை, கையில் பாதி தின்ற சாஸேஜ்.

"அக்டோபர் பதினெட்டு, நீங்க வரீங்க," என்றாள். "முதல் நாலு பாட்டுல எழுந்து கார்ப் பக்கம் போய்ட்டேன், மன்னிச்சுக்குங்க. ஒரே நிபந்தனை. இந்த அம்மா முன்னால நிக்கணும், பேஸ் சத்தம் தூக்கலா இருக்கணும். வேற பேச்சு இல்ல."

"எங்க குழுவோட கொள்கையே அதுதான்," என்றார் வெண்டல். "பேஸ் என்பது அடிக்கல்."

லோரெட்டாவுக்குக் கண் கலங்கியது. முகத்தைத் திருப்பி வயரைச் சுருட்டினாள். அக்டோபர் பதினெட்டாம் தேதி பஸ்ஸுக்கு வேறு டிரைவர் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"அந்தக் கடைசிப் பாட்டுத் தாளம்," என்றாள் மரிசோல். "அவ்வளவு மூர்க்கமா ஒண்ணு நான் கேட்டதே இல்ல. எங்கேருந்து எடுத்தீங்க?"

லோரெட்டா வாயைத் திறந்தாள்.

"பழைய வடதேசத்துப் போர்ச் சடங்கு," என்றார் பேராயர். "வீரனைச் சிதையில வைக்கும்போது வாசிக்கிறது."

லோரெட்டா வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் பேராயர் பத்தாவது லட்சணத்தை வெளியிட்டார்: மாபெரும் பேஸ் கலைஞர் உயரத்தாலோ தாடியாலோ அறியப்படுவதில்லை, மாண்டவர்களின் தாளத்தை ரத்தத்தில் சுமப்பவரே அவர். நாற்பத்தொரு பேர் கேட்டார்கள். இம்முறை வாஷிங் மெஷினும் குறுக்கிடவில்லை.

அந்தத் தாளம், ஸ்டான் மாமாவின் குழு கல்யாண வீடுகளில் கேக் வெட்டியதும் வாசிக்கிற போல்கா. சமையல்காரியிடமிருந்து வாத்து தப்பி ஓடியதைப் பற்றியது.